யாருக்குக் கீழ்ப்படிவது? காட்டுக்கலைக் குழுக்களின் மரபும் ரோசென்தாலின் வாசிப்பும்

சாரணர் இயக்கத்தின் தோற்றம் பற்றி எழுதுகிறவர் எவரும் மைக்கேல் ரோசென்தாலின் 1986ஆம் ஆண்டு நூலுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. தம் இயக்கத்தைக் குணம் வார்க்கும் தொழிற்சாலை என்று பேடன்-பவல் தாமே வருணித்ததை அந்த நூல் தலைப்பாகவே எடுத்துக்கொண்டது. கூடாரம் அடிப்பதும் தடம் பார்ப்பதும் தீ மூட்டுவதும் மேற்பூச்சு. பேரரசுக்கும் முதலாளிக்கும் பணிந்து நடக்கும் ஆட்களை உருவாக்குவதே உள்நோக்கம் என்பது அதன் வாதம். சான்று வலுவானது. 1908இல் வந்த ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ நூலின் இரண்டாம் விதி மன்னரையும் மேலதிகாரிகளையும் சொல்லி, வேலை கொடுப்பவருக்கும் விசுவாசமாக இருக்கச் சொல்கிறது. ஏழாம் விதி மேலிருந்து வரும் கட்டளையை எதிர்க்கேள்வி இல்லாமல் நிறைவேற்றச் சொல்கிறது. இவை அச்சில் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் கீழ்ப்படிதல் என்ற சொல்லைக் கண்டதும் ரோசென்தாலின் விசாரணை நின்றுவிடுகிறது. யாருக்கு, யார் தேர்ந்தெடுத்தவருக்கு என்ற கேள்வியை அவர் போதிய அளவு கேட்கவில்லை. அமெரிக்காவில் காட்டுக்கலைக் குழுக்களைத் தொடங்கிய எர்னெஸ்ட் தாம்சன் சீட்டனிடம் பேடன்-பவல் பட்ட கடனைப் பற்றி ரோசென்தால் பேசுகிறார். இருந்தும், கடனாக வந்தவற்றில் எது கைவிடப்பட்டது என்பதற்கு உரிய எடையைக் கொடுக்கவில்லை என்பதே என் குறை.

கைவிடப்பட்டது எது என்பதற்கு ஒரே ஒரு நூலைக் கூர்ந்து பார்த்தால் போதும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு தொடங்கிய 1910இல் டபுள்டே, பேஜ் நிறுவனம் அதன் முதல் கையேட்டை வெளியிட்டது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியராகச் சீட்டனின் பெயர் நிற்கிறது. அதன் கீழே, பேடன்-பவலின் நூல் ஏற்பாட்டின்பேரில் இதில் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு. இரண்டு பனுவல்களை ஒரே அட்டைக்குள் தைத்த நூல் அது; தையல் வெளியே தெரிகிறது. சீட்டன் ஒன்பது கொள்கைகளை அடுக்குகிறார். அவற்றுள் ஒன்று தன்னாட்சி. இன்னொன்று, பையன்கள் ஒருவரை ஒருவர் வெல்வதற்காக இல்லாமல் நிலையான அளவுகோலை எட்டுவதற்காகப் பெறும் சிறப்பு. அதே நூலில் பேடன்-பவலின் சாரணர் சட்டமும் இருக்கிறது, எதிர்க்கேள்வி கூடாது என்ற விதியோடு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைப் பதிப்பு மறைக்க முயலவே இல்லை. 1911இன் அதிகாரபூர்வக் கையேடு இந்தத் தையலைப் பிரித்துவிட்டது. 1915இல் சீட்டனே அமைப்பிலிருந்து வெளியேற நேர்ந்தது. ஆகவே தொழிற்சாலை என்ற உருவகம் 1911க்குப் பிந்தைய அமைப்புக்குப் பொருந்தும். 1910இன் அந்த ஒற்றை நூலுக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சீட்டன் தம் காட்டுக்கலைக் குழுக்களுக்கு எழுதிய பழைய விதிகளிலும் முதல் விதி கலகம் செய்யாதே என்பதுதான். குழுவின் அவை எடுத்த முடிவை மீறினால் வெளியேற்றம். இது கீழ்ப்படிதல் இல்லையா? கீழ்ப்படிதல்தான். ஆனால் அந்த அவையைப் பையன்களே தேர்ந்தெடுத்தார்கள். தலைவனும் அவர்கள் தேர்வுதான். காஸ் காப் ஊரில் தம் வேலியை நாசம் செய்த பையன்களையே சீட்டன் முகாமுக்கு அழைத்தார் (1902 என்பது பெருவழக்கு, 1901 என்போரும் உண்டு). அங்கே அவர் தமக்கு வைத்துக்கொண்டது ஆலோசகர் நிலையை மட்டுமே. அவை உண்மையில் எவ்வளவு ஆண்டது, பெரியவரின் ஒரு பார்வை எத்தனை முடிவுகளைத் திருப்பியது என்பதற்குச் சான்று மெலிவு. என்றாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைவனைப் பையன்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி எழுத்தில் இருப்பதே ஒரு வரலாற்று உண்மை. பேடன்-பவலும் அணித்தலைவர்களுக்கு ஓரளவு பொறுப்புத் தந்தார். ஆனால் அவருடைய திட்டத்தில் அதிகாரம் மேலிருந்து இறங்கியது. சீட்டன்மீது சுமத்த வேண்டிய குற்றம் வேறு. வெள்ளைப் பையன்கள் பூர்வகுடி வேடமிட்டுக் கூடாரத்தில் உறங்கிய அதே ஆண்டுகளில், கார்லைல் போன்ற உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிக் குழந்தைகளின் தலைமுடி வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. காட்டுக்கலையைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கலை மறுக்கப்பட்டது. இந்தப் பழியைத் தன்னாட்சி துடைக்காது.

தொழிற்சாலை வாசிப்புக்கு எதிரான இன்னொரு சான்று சென்னையிலிருந்து வருகிறது. இந்தியாவில் சாரணர் அணிகள் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பையன்களுக்கே உரியவையாக இருந்தன. அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து இந்தியப் பையன்களுக்கெனத் தனிச் சங்கம் தொடங்கினார். தொடங்கிய ஆண்டை 1916 என்பாரும் 1917 என்பாரும் உளர்; இதைத் தீர்த்துவைக்க நான் முயலவில்லை. 1917 ஜூனில் சென்னை அரசு அவரைக் காவலில் வைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் காங்கிரஸ் தலைவர். பேரரசோடு மோதிக்கொண்டிருந்த ஒருவர் கையிலெடுத்த கருவியைப் பேரரசின் அச்சு என்று மட்டும் எப்படிச் சொல்வது? 1921இல் பேடன்-பவல் வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது என்பதை ரோசென்தால் பக்கத்தார் சுட்டலாம். இணைப்பு பிற்பாடு நடந்தது; தொடங்கியபோது இருந்த நோக்கத்தை அது மாற்றி எழுதிவிடாது.

என் வாதத்துக்குக் கடினமான சோதனை இங்கிலாந்திலேயே இருக்கிறது. கல்லிப்போலியில் தூக்குக்கட்டில் சுமந்து திரும்பிய ஜான் ஹார்கிரேவ், சாரணர் இயக்கம் படைமயமாவதை எதிர்த்து 1920 ஆகஸ்டில் ‘கிப்போ கிஃப்ட்’ குழுவைத் தொடங்கினார். அடுத்த ஜனவரியில் இயக்கம் அவரை வெளியேற்றியது. ஆண்களும் பெண்களும் தாங்களே தைத்த கூடாரத்தோடும் செதுக்கிய கோலோடும் நடைப்பயணம் போனார்கள். ஆலோசகர் பட்டியலில் தாகூரின் பெயரும் இருந்தது. ஆனால் படைமுறையை எதிர்த்துப் பிரிந்த இந்தக் குழுவே தலைவர் ஒருவரின் சொல்லுக்குள் சுருங்கியது. 1924இல் தென் லண்டன் கூட்டுறவுக் கிளைகள், பிராக்லி கிளையை ஏற்க ஹார்கிரேவ் மறுத்ததை ஆண்டு மன்றத்தில் எதிர்த்துத் தோற்று வெளியேறின. திறன்கள் மாறவில்லை, அதே தீ, அதே கூடாரம். முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் பிளவு. வெளியேறியவர்களிலிருந்து 1925இல் லெஸ்லி பால் ‘வுட்கிராஃப்ட் ஃபோக்’ அமைப்பை உருவாக்கினார். கிப்போ கிஃப்ட் பச்சைச் சட்டைப் படையாக மாறி, கட்சியாகி, 1936இன் பொது ஒழுங்குச் சட்டத்தால் சீருடையை இழந்து, 1951இல் கலைந்தது. வுட்கிராஃப்ட் ஃபோக் 2025இல் நூறாண்டை எட்டியது.