டிடோன் எழுத்துருக்கள்

டிடோன் எழுத்துருக்கள் என்பன, தடித்த கோடுகளுக்கும் மெல்லிய கோடுகளுக்கும் இடையே மிகுந்த வேறுபாடு கொண்ட உரோமன் எழுத்துரு வகை ஆகும். இவற்றில் நெடுக்குக்கோடுகள் தடித்தும், கிடைக்கோடுகளும் இணைப்புகளும் மயிரிழை போல மெலிந்தும் இருக்கும். கோட்டின் முனையில் அமையும் செரிஃப் என்னும் சிறு குறுக்குக்கோடும், வளைவான தாங்கல் எதுவுமின்றி நேரான மயிரிழையாகவே வரையப்படும். இவ்வகை எழுத்துருக்கள் பெரும்பாலும் தலைப்புகள், சுவரொட்டிகள், அழைப்பிதழ்கள், வணிகப் பெயர்ச் சின்னங்கள் ஆகியவற்றில் பயன்படுகின்றன.

தோற்றம்

18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் பாஸ்கர்வில், வழவழப்பான தாளையும் கரிய மையையும் கொண்டு மெல்லிய கோடுகளைத் தெளிவாக அச்சிட்டுக் காட்டினார். அவ்வழியைப் பாரிசில் டிடோ குடும்பத்தினரும், இத்தாலியின் பார்மா நகரில் ஜம்பாட்டிஸ்டா போடோனியும் (1740–1813) அதன் எல்லைவரை கொண்டு சென்றனர். போடோனியின் மாதிரி எழுத்துகளின் பெருந்தொகுப்பு அவரது மறைவுக்குப் பின் 1818 இல் அவருடைய மனைவியால் வெளியிடப்பட்டது. டிடோ, போடோனி என்னும் இரு பெயர்களின் இணைப்பே டிடோன் ஆகும். 1954 இல் மாக்சிமிலியன் வோக்ஸ் வகுத்த எழுத்துரு வகைப்பாட்டின் வழியாக இப்பெயர் பரவியது.

அளவும் மயிரிழையும்

டிடோன் எழுத்துகளின் அழகும் குறையும் மயிரிழையிலேயே உள்ளன. 1000 அலகு உயரமுள்ள எழுத்துச் சதுரத்தில் மயிரிழையின் தடிப்பு 20 அலகு எனக் கொள்வோம். 100 படப்புள்ளி அளவில் அக்கோடு 2 படப்புள்ளி தடிப்பில் நன்றாகத் தெரியும். 16 படப்புள்ளி அளவிலோ அது 0.32 படப்புள்ளியாகச் சுருங்கி, வெளிறிய சாம்பல் நிறமாக மங்கிவிடும். ஆங்கில 'இ' என்னும் சிற்றெழுத்தின் குறுக்குக்கோடு மறைந்தால் அது 'சி' போலத் தோன்றும். பத்தி முழுவதும் இவ்வெழுத்துருவில் அமைந்தால், தடித்த நெடுக்குக்கோடுகள் மட்டும் வேலிக்கம்புகள் போல நின்று கண்ணைக் கூசச் செய்யும்.

இதனாலேயே ஒரே வரைவைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் எல்லா இடத்திலும் பயன்படுத்துவது பொருந்தாது. ஹார்ப்பர்ஸ் பசார் இதழுக்காக 1990களின் தொடக்கத்தில் ஜொனாதன் ஹோஃப்லர் உருவாக்கிய டிடோ எழுத்துரு, ஏழு வெவ்வேறு அளவுகளுக்குத் தனித்தனியே வரையப்பட்டது. உலோக அச்செழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வெட்டியவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஒளிப்பட அச்சுக்கோப்பும் உதகையும்

ஈய எழுத்துகளுக்குப் பின் வந்த ஒளிப்பட அச்சுக்கோப்பில், எழுத்துகள் படச்சுருளில் பதிக்கப்பட்டு அதிலிருந்து ஆஃப்செட் தகடு செய்யப்பட்டது. இதற்கான படச்சுருள் கருமை, தெளிவு ஆகிய இரண்டை மட்டுமே காட்டும். இடைப்பட்ட சாம்பல் நிறம் அதில் இராது. உதகமண்டலத்தில் 1967 இல் உற்பத்தியைத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற வணிகப்பெயரில் எக்ஸ்-கதிர், திரைப்படச் சுருள்களுடன் அச்சுத்தொழிலுக்கான படச்சுருள்களையும் தயாரித்தது. இந்நிறுவனம் பின்னர் மூடப்பட்டது.

இம்முறையில் வெள்ளைத் தாளிலுள்ள கரிய எழுத்தைப் படமெடுக்கையில், எதிர்மறைப் படத்தில் எழுத்து தெளிவாகவும் அதைச் சூழ்ந்த வெளி கருமையாகவும் அமையும். ஒளி சற்று மிகுந்தால் அக்கருமை எழுத்துக்குள் பரவும். தடித்த கோட்டில் இது தெரியாது, மயிரிழையோ அறுந்துவிடும்.

தமிழில்

ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறும் கோடு ஏறத்தாழ ஒரே தடிப்புடையது. எனவே தடிப்பு வேறுபாடு தமிழ் எழுத்துக்கு இயல்பாக வாய்த்ததன்று. பேனா, தூரிகை, அச்செழுத்து ஆகியவற்றின் வழியாகவே அது வேரூன்றியது. நெடுக்குக்கோடு தடிப்பு, கிடைக்கோடு மெலிவு என்னும் உரோமன் விதியை அப்படியே தமிழுக்குப் பொருத்தினால் எழுத்துகளின் கருமை சமச்சீராக இராது. நெடுக்குகளும் சுழிகளும் நிறைந்த 'ண' கறுத்து அடைபடும். ஒரே நெடுக்குடன் தரையில் நீளும் 'ட' பாதி காணாமற்போனது போல நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'ர' என்னும் எழுத்தில் உள்ளது. துணைக்கால் குறியிலிருந்து அதனை வேறுபடுத்துவது அடியில் உள்ள சாய்கோடு மட்டுமே. அக்கோட்டை மயிரிழையாக்கினால் அச்சில் 'மரம்' என்பது 'மாம்' ஆகிவிடும். ஏற்கனவே 'ர்' என்பதற்குப் பதிலாகத் துணைக்காலும் புள்ளியும் இட்டுத் தட்டச்சிடும் பிழை இணையத்தில் பரவலாக உள்ளது. அவ்வாறு எழுதிய சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. ஆகவே தமிழ் எழுத்துரு வடிவமைப்பில் 'ர'வின் சாய்கோட்டுக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் பொதுவிதியிலிருந்து விலக்களிப்பதே முறை எனலாம்.

இந்தியன் டைப் ஃபவுண்டரி 2014 இல் வெளியிட்ட ரோஸா ஒன், மிகுந்த தடிப்பு வேறுபாடு கொண்ட கட்டற்ற எழுத்துரு ஆகும். தேவநாகரியையும் உரோமனையும் ஆதரிக்கும் இதில் தமிழ் எழுத்துகள் இல்லை. இதனைத் தெரிவு செய்துவிட்டுத் தமிழில் தட்டச்சிட்டால், கணினி வேறோர் எழுத்துருவை எடுத்து இட்டு நிரப்பும். இருமொழிச் சுவரொட்டிகளில் ஆங்கிலத் தலைப்பு கம்பீரமாகவும் தமிழ்த் தலைப்பு ஒட்டாமலும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழில் தடிப்பு வேறுபாடு வேண்டுவோருக்குக் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் பல தடிப்புகளில் உள்ளது. மயிரிழை அளவுக்கு மெலியாததால், டிடோன் வகை ஆங்கிலத் தலைப்பின் அருகே இதனை இடும்போது சற்றுக் கூடிய தடிப்பைத் தெரிந்துகொண்டு, அச்சிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது நலம்.