கோவலன் கதையும் மக்கள் கலையும்: முள்ளியவளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

மரபும் நவீனமும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஒலிபெருக்கி வந்ததும் கூத்து ஒழிந்தது, திரைப்படம் வந்ததும் அண்ணாவியார் ஒதுங்கினார் என்று கூறிவிடுதல் எளிது. கலை வரலாறு அத்துணை எளிமையானதன்று என்பதை முள்ளியவளை நமக்குக் காட்டுகின்றது.

முல்லைத்தீவின் நெல்வயற் கிராமமான முள்ளியவளை, நந்திக்கடற் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு பிரிக்க இயலாத பிணைப்புடையது. வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீர் எடுத்துவரப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்நீரில் விளக்கேற்றப்படுகின்றது. ஒரு வார காலத்தின்பின் அது வற்றாப்பளைக்கு எடுத்துச்செல்லப்படும். மதுரையை எரித்துவந்த கண்ணகி முதியவளாய்த் தோன்றியபோது, மாடு மேய்த்த சிறுவர்கள் எண்ணெயின்றிக் கடல்நீரில் விளக்கேற்றினர் என்பது ஊர் ஐதிகம். காவியத்தின் அரசியை இடைச் சிறுவரின் விருந்தாளியாக்கிய இக்கற்பனை உழைக்கும் மக்களுடையது.

இவ்வழிபாட்டுச் சூழலிலேயே முல்லை மோடி எனப்படும் ஆட்டமுறையில் அமைந்த கோவலன் கூத்து வளர்ந்தது. அதன் கதை இளங்கோவடிகளின் கதையினின்று பெரிதும் வேறுபடும். மாங்கனியிற் பிறந்து, பேழையில் இடப்பட்டுக் கடலில் விடப்பட்ட பெண்ணே நாட்டார் மரபின் கண்ணகி. ஏடறிந்தவர் இதனைச் சிலப்பதிகாரத்தின் சிதைவு என இகழ்ந்ததுண்டு. கேட்போரின் நம்பிக்கைக்கும் நீதியுணர்வுக்கும் ஏற்பக் கதை மறுபடி ஆக்கப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

இதே கதை வேறு வழிகளிலும் மக்களை வந்தடைந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதனை இசைநாடகமாக்கினார். 1942இல் ‘கண்ணகி’யும் 1964இல் ‘பூம்புகா’ரும் திரைப்படங்களாயின. இசைநாடகத்தின் பின்திரையும் ஆர்மோனியமும் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் வந்தவை. அக்குழுக்கள் கொழும்புக்கும் வந்தன. சிங்கள நூர்த்தி அவற்றின் வழித்தோன்றல். இந்தோனேசியாவிலும் இதற்கு இணையான வரலாற்றைக் காணலாம். மலாய் நாட்டின் பங்சவான் அரங்கு பார்சி நாடகத்தின் தூண்டுதலாற் பிறந்தது. 1891இல் சுரபாயாவில் தோன்றிய கொமெடி ஸ்தம்புலும் அவ்வலையிற் கிளைத்ததே. பின்னாளில் இந்தித் திரையிசையின் சாயலைத் தன்வயமாக்கி டங்டுட் இசை எழுந்தது. எனினும் மகாபாரதக் கதை சொல்லும் வயாங் நிழற்பாவை மறையவில்லை. அது வானொலியிலும் புகுந்தது. புதிய ஊடகம் பழங்கலையை அழித்தே தீரும் என்பது எங்கும் பொருந்தும் விதியன்று.

ஆயின் இங்கு வேறொரு கேள்வி எழுகின்றது: கலை யாருடைய கையில் இருக்கின்றது? சுகார்த்தோ ஆட்சிக் காலத்தில் (1966–1998) வயாங் கலைஞர்கள் குடும்பக் கட்டுப்பாடு முதலிய அரச திட்டங்களைப் பரப்பவும் பயன்படுத்தப்பட்டனர். வன்னியிலும் போர்க்காலத்தில் கூத்து மெட்டுகள் பரப்புரைக்குப் பயன்பட்டன. மெட்டு வாழ்ந்தது, ஆனால் எதை ஆடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஊரிடம் எவ்வளவு எஞ்சியது என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

பல்கலைக்கழகத்தின் பங்கையும் நாம் விமர்சன நோக்கோடு மதிப்பிடல் வேண்டும். 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை அரங்கேற்றினார். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ முதலியவற்றின்வழி கூத்துக்குக் கற்றோரிடையே மதிப்புத் தேடித்தந்தார். அப்பணி போற்றத்தக்கது. ஆயினும் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணிநேர அளிக்கையாயிற்று. களரியைச் சூழ்ந்திருந்த ஊரார் மண்டபப் பார்வையாளராயினர். பாடசாலைப் போட்டிகளில் அக்கால அளவும் நிமிடக் கணக்காகச் சுருங்கிற்று.

முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி (வே. சுப்பிரமணியம்), 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை நாயகனாக்கி நாடகம் எழுதினார். கூத்தூரிலிருந்தே நவீன வரலாற்று நாடகமும் பிறந்தமையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். மரபில் காலூன்றியவர்க்கு நவீனம் அச்சந்தருவதாக இருக்கவில்லை.

கோவலன் கூத்துக்கு நேர்ந்த பேரிடர் திரைப்படத்தால் வந்ததன்று. 2009இல் போர் முடிவுற்றபோது முல்லைத்தீவு மக்கள் வவுனியாவின் முகாம்களில் முட்கம்பிகளுக்குள் அடைபட்டிருந்தனர். உயிர் காக்க ஓடியவர்க்கு மத்தளமும் கூத்துடுப்பும் சுமையாயின. ஏட்டை மீண்டும் எழுதலாம். ஆனால் ஆட்டம் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குக் கற்பிக்கப்படுவது. மூத்த ஆட்டக்காரர் ஒருவர் மறையும்போது அவருடன் ஒரு நூலகமே மறைகின்றது.

ஆகவே ஆய்வாளர் கடமை ஒலிப்பதிவோடு முடிவதன்று. கூத்தை ஊரார் தாமே பழகவும் மாற்றவும் ஆடவும் வேண்டிய நேரமும் நிலமும் அச்சமற்ற வாழ்வும் அவர்களுக்கு உரித்தாதல் வேண்டும். கடல்நீரில் விளக்கெரிவதாக நம்பும் ஊர், தன் கலையின் விளக்கையும் தானே ஏற்றவல்லது. அதற்குத் துணைநிற்றலே நம் பணியாகும்.