தந்தைவழி உறவும் வாரிசுரிமையும்: ஊவாத் தோட்டத் தமிழர்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், சிறப்பாகப் பதுளை மாவட்டத்துப் பசறை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் பெயரையும் குலதெய்வத்தையும் பங்காளி உறவையும் தந்தை வழியாகவே கொள்கின்றனர். தமிழ்நாட்டில் இந்த முறை நிலத்தோடு பிணைந்திருந்தது. தோட்டத்திலோ நிலமும் லயம் எனப்படும் வரிசை வீடுகளும் தொழிலாளிக்குரியவை அல்ல. பாகம் பிரிக்க ஒன்றுமில்லாத இடத்திலும் பங்காளி முறை நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தனர். அவர்களைக் கூட்டிவந்த கங்காணி பெரும்பாலும் தன் சொந்தபந்தத்தையும் ஊர்க்காரரையுமே திரட்டினார். எனவே கடல் கடந்தது தனியாள் அல்ல. உறவோடு கூடிய கூட்டம். பெரிய கங்காணிக்குக் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். பல தோட்டங்களில் தந்தைக்குப் பின் மகனே பெரிய கங்காணியானார். தோட்டத்தில் மகனுக்குக் கைமாறத்தக்க சொத்து என்று ஒன்று இருந்ததென்றால், அது இந்தப் பதவிதான். தொழிலாளிக்குக் கிடைத்தது கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கடன்தொகை எழுதிய துண்டு வேண்டியிருந்தது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது.

உறவினர் இரு வகையினர். தந்தையின் உடன்பிறந்த ஆண்களும் அவர்தம் மக்களும் பங்காளிகள். அவர்களுக்குள் மணம் இல்லை. தாய்மாமன், அத்தை வீட்டார் மாமன் மச்சான் முறை. மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப் பெண்கள். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் வேறு வம்சத்தவராயினும் அண்ணன் தங்கையாகவே கருதப்படுவர். ஆகவே வம்சம் மட்டும் மண உறவைத் தீர்மானிப்பதில்லை. சாவு வீட்டில் தீட்டுக் காப்பது பங்காளிகள். கொள்ளி வைப்பது மகன். காதுகுத்திலும் பூப்புச் சடங்கிலும் தாய்மாமனே முன் நிற்பார். லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) இருப்பவர் உறவில்லாதவராயினும் முறை வைத்தே அழைக்கப்படுகிறார்; பிள்ளைகளுக்கு அந்த முறை நாளடைவில் மெய்யான உறவாகிறது.

குலதெய்வம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. மணமான பெண் கணவன் வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடுகிறாள். தொழிலோடு பிறந்த தெய்வங்கள் இதற்கு விலக்கு. தொழிற்சாலைக்குரிய ரோதைமுனியும் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காட்டுக்குரிய கவ்வாத்துச்சாமியும் எந்த வம்சத்துக்கும் உரியவை அல்ல. அங்கே வேலை செய்யும் அனைவருக்கும் பொது.

தந்தை வழியை இம்மக்களுக்கு எதிரான ஆயுதமாக்கியது அரசு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. தாயின் பிறப்பிடம் கணக்கில் வரவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது தமிழர் வழக்கம். தாய்வீடு தமிழ்நாட்டில் இருந்துவிட்டால், அங்கே பிறந்த மகன் வாழ்நாள் முழுவதும் பதுளையில் கொழுந்துக் காட்டிலேயே உழைத்திருந்தாலும் அவனுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பிறப்பு உதவாது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பின் பிறந்த குழந்தைக்கும் தந்தை குடிமகனாக இருப்பதே நிபந்தனையாக இருந்தது. இப்படி நாடற்ற நிலை தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. இம்மக்கள் மீது திணிக்கப்பட்ட பரம்பரைச் சொத்து இது. 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என ஒதுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். உடன்பிறந்தோர் கடலுக்கு இருபுறமும் சிதறினர். பங்காளிகளில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் தாய்வழியாலும் குடியுரிமை கிடைக்க வழி செய்தது.

சொத்துரிமையில் யாழ்ப்பாணத்தவரின் தேசவழமை இவர்களுக்குப் பொருந்தாது. அயல் சிங்களக் கிராமங்களின் கண்டியச் சட்டமும் பொருந்தாது. அதன்படி தீக மணம் செய்து கணவன் வீடு சென்ற மகள் தந்தையின் காணியில் பங்கு இழப்பாள், பின்ன மணத்தில் கணவனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவள் இழப்பதில்லை. தோட்டத் தமிழருக்கு உரியது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை உள்ளிட்ட பொதுச் சட்டம். உயில் இன்றி ஒருவர் இறந்தால் பாதி வாழ்க்கைத் துணைக்கு. மீதி மகன், மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்கு. நடைமுறை வேறு. மகளுக்கு நகையும் சீரும் கொடுத்ததோடு கணக்கு முடிந்ததாகக் கொள்வர். மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்குவதும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. காம்பரா மட்டும் இந்த ஆண்வழி நடைமுறைக்கு அடங்கவில்லை: செக்ரோலில் (தோட்ட வேலைப் பதிவேட்டில்) பேர் பதிந்தவருக்கே அது நிலைத்தது என்பதால், கொழுந்து பறிக்கும் மகள் வழியாகவும் குடும்பம் அங்கே தொடர முடிந்தது.

லயத்தை மையமாகக் கொண்ட இந்த வாழ்க்கையும் மாறி வருகிறது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் அளவுள்ள காணியில் தனிவீடுகள் சில தோட்டங்களில் கட்டித் தரப்பட்டுள்ளன. இளைஞர் பலர் கொழும்புக்கும், பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர்.