வழக்கு பெற்றெடுத்த சட்டம்

பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் முதலில் கூடியது பக்திச் சொற்பொழிவு கேட்கத்தான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திய ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைக்கு வந்தவர்கள், மெல்ல மெல்லத் தங்கள் ஆலைப்பாட்டையும் சொல்ல ஆரம்பித்தார்கள். பெரிய குறை சாப்பாட்டு நேரம். 30 நிமிடத்துக்குள் கை கழுவி, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும்.

செட்டியாரும் நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். அவர் பம்பாய்ப் பார்சி. ஆங்கிலத்தில் பேசுவார், உடனிருப்பவர்கள் தமிழில் சொல்வார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று அவர் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் தோள் கொடுத்தார். சாப்பாட்டு நேரம் 40 நிமிடமானது. கூடியது பத்தே நிமிடம்தான். ஒற்றை ஆளாகப் போய்க் கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

1920 இறுதியில் தகராறு முற்றி ஆலை கதவடைத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டியதாக வாடியா முதலானோர் மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நஷ்டஈடும் கேட்டது. தடையுத்தரவு கிடைத்தது. வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதே தப்பென்றால் சங்கம் எதற்கு? கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக, நிர்வாகம் வழக்கைக் கைவிட்டது.

அந்தச் சூடு டெல்லி வரை போனது. 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சொல்லி, தொழில் தகராறில் இறங்கிய பதிவுபெற்ற சங்கத்தின் மீது இனி உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது 18ஆம் பிரிவு. பின்னி வழக்குக்கு நேர்ப் பதில் அது. ஆனால் சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சங்க நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதற்கும் வரம்பு கட்டியது.

இதற்கிடையில் 1921இல் பின்னியில் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. அக்டோபரில் சங்கம் தோற்றது. இந்த முறை அதைச் சாய்த்தது தடையுத்தரவு அல்ல. ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் ஒரே சேரியில் வாழவில்லை. அந்தப் பிளவை ஆலைக்குள் வராமல் தடுக்கச் சங்கத்தால் முடியவில்லை. 1926 சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அதற்கு மருந்து இருக்கவில்லை.