கட்டடம் எழுப்பிய கோப்புகள்

பொறியாளர்கள் நிறைந்த ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தேன். சிமெண்ட் கலவையைக் கையால் தொட்டதில்லை. கோப்பைத் தொடாத நாளில்லை.

ஒரு சமயம் சின்னப் பாலம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். ஊற்று பொங்கி வேலை நின்றுவிட்டது. பல வாரம் திண்டாடிய பிறகுதான் தெரிந்தது, சற்றுத் தள்ளி இன்னொரு பாலத்தில் இதே தொல்லை முன்பே வந்து, ஒரு பொறியாளர் வழியும் கண்டிருக்கிறார் என்று. அந்தக் குறிப்பு என் அலமாரியில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

கட்டட வேலையின் குணமே அப்படி. தொழிற்சாலையில் அதே இடம், அதே இயந்திரம், அதே ஆட்கள். கட்டட வேலையில் ஒவ்வொரு முறையும் வேறு மண், வேறு மேஸ்திரி, வேறு முதலாளி. வேலை முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். கற்றுக்கொண்டதும் அவர்களோடு போய்விடும். அப்படியானால், புதிய முறை ஒன்று வேலைக்கு வேலை எப்படிப் பரவும்?

சிறு வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததன் பலன், ஓய்வுக்காலத்தில் அந்த மொழியில் பழைய சங்கதிகளைத் தேடிப் படிக்கிறேன். அப்படித்தான் பிரான்சுவா என்னெபிக் கிடைத்தார். கொத்தனாராகத் தொடங்கிக் காண்ட்ராக்டர் ஆனவர். 1892இல் இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்த 'பெத்தோன் ஆர்மே' முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

இரும்புக் கம்பியைச் சிமெண்டுக்குள் வைப்பது அவர் கண்டுபிடித்ததல்ல. மொனியே என்ற தோட்டக்காரர் 1867இலேயே செடித் தொட்டிகளுக்கு அதைச் செய்து காப்புரிமையும் பெற்றிருந்தார். தூண், உத்தரம், தளம் மூன்றையும் ஒரே உடம்பாக இணைத்ததுதான் என்னெபிக்கின் வேலை. உத்தரத்துக்குள் லாடம் போல வளைத்த இரும்புப் பட்டைகளை வைத்தார். இன்று நம் கம்பி கட்டும் ஆட்கள் 'ரிங்' என்கிறார்களே, அதன் மூதாதை அது.

ஆனால் என்னைக் கவர்ந்தது அவர் அலுவலகம் நடத்திய விதம். தானே காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டுவதை விட்டுவிட்டார். ஊர் ஊராக முகவர்கள் வேலை தேடித் தருவார்கள். கணக்கும் வரைபடமும் அவருடைய அலுவலகங்களில் தயாராகும். உரிமம் பெற்ற காண்ட்ராக்டர்கள் கட்டுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்பு. அடுத்த வேலைக்குக் கணக்குப் போடுகிறவர் முந்தைய கோப்பைப் புரட்டலாம். ஆண்டுதோறும் முகவர்களையும் காண்ட்ராக்டர்களையும் கூட்டி மாநாடு நடத்தினார். 1898இல் தொடங்கிய 'பெத்தோன் ஆர்மே' என்ற மாத இதழில் முடிந்த வேலைகளின் செய்தியும் படமும் வந்தன. பாரிஸில் தாந்தோன் வீதி ஒன்றாம் எண்ணில் தலைமை அலுவலகத்தையும் அதே கான்கிரீட்டில் கட்டி, வருகிறவர்களுக்குச் சாட்சியாக நிறுத்தினார். 1902க்குள் அந்த முறையில் 7000க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் எழுந்துவிட்டன.

குறையும் இருந்தது. 1901 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், அவர் முறையில் எழுந்துகொண்டிருந்த ஒரு ஹோட்டல் இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஆயிற்று. கட்டுமானப் பொருளிலும் வேலையிலும் மேற்பார்வையிலும் குறை இருந்ததாக விசாரணை சொன்னது. வரைபடத்தைத் தபாலில் அனுப்பலாம். மணலைக் கழுவும் அக்கறையை அனுப்ப முடியாதே! அதன் பிறகு கான்கிரீட் வேலைக்கு விதிகள் வகுக்கச் சுவிஸ்காரர்கள் முனைந்தார்கள்.

1903இல் இன்னொரு அடி. மொனியே முந்திக்கொண்டார் என்று பிரான்சில் என்னெபிக்கின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. 1906இல் பிரெஞ்சு அரசே கணக்கு விதிகளை வெளியிட்டது. இனி யாரும் கட்டலாம். கடை மூடியிருக்க வேண்டுமே? இல்லை. 1911இல் ரோமில் தீபர் ஆற்றின் மேல் 100 மீட்டர் அகல ஒரே வளைவில் எழுந்த ரிசோர்ஜிமெந்தோ பாலத்தை வடிவமைத்தது அதே நிறுவனம்தான். காப்புரிமை போனாலும் ஆயிரக்கணக்கான வேலைகளின் அனுபவம் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் முதல் பாதி இருந்தது, இரண்டாவது பாதி இல்லை. கோப்பைக் கட்டி, எண் போட்டு, தூசி தட்டி வைத்தோம். வேலை முடிந்ததும் 'இதில் என்ன கற்றோம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லி எந்த விதியும் இல்லை.

என்னெபிக் நிறுவனத்தின் கோப்புகள் இன்று பாரிஸில் கட்டடக்கலை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சின்னப் பாலத்தின் கோப்போ, வைத்திருக்கும் காலம் முடிந்தது என்று அழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது. பட்டியலை எழுதியது நான்தான். அதற்கு முன் ஒரு முறை பிரித்துப் படித்திருக்கலாம்.