ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு மதிப்பெண்: கரிசல்காட்டு ஓட்டப் பயிற்சியை மதிப்பிடுதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய்க் கரைகளில் விடியுமுன் ஓடும் இளைஞர்களின் பயிற்சி பெரும்பாலும் கலவையானது. ஒரு சுற்று ஓட்டம், நின்ற இடத்தில் இருபது தண்டால், மறுபடி ஓட்டம், முப்பது பஸ்கி, கடைசியில் வேப்பங்கிளையிலோ இரும்புக் குழாயிலோ தொங்கிப் புல்-அப்ஸ். ராணுவ, காவல்துறை ஆளெடுப்பை நம்பி நடப்பது இது. மானாவாரிப் பூமியில் அந்த நம்பிக்கைக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. பயிற்சி பலிக்கிறதா என்று கேட்டால், வியர்த்துக் கொட்டுவதையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தச் சான்று செல்லாது என்பதே என் வாதம்.

அக்னிபாத் திட்டம் 2022இல் வந்தபோது பொதுப்பணி வீரருக்கான உடல்திறன் தேர்வு இப்படி இருந்தது: 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். அதைத் தாண்டி 5 நிமிடம் 45 வினாடிக்குள் என்றால் 48. புல்-அப்ஸ் பத்துக்கு 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதில் தேறினாலே போதும், மதிப்பெண் இல்லை.

330 வினாடியில் 1600 மீட்டர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்பவன் ஐந்து மீட்டர் பின்தங்கினால் 12 மதிப்பெண் போய்விடும். புல்-அப்ஸில் எட்டிலிருந்து பத்துக்கு முன்னேறினால் கிடைப்பது 13. மாதக்கணக்கில் கிளையில் தொங்கிச் சேர்த்ததை ஒரு வினாடி கொண்டுபோகிறது. காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டருக்கு 7 நிமிடம். அங்கே வேகத்தின் நெருக்கடி இவ்வளவு இல்லை.

கலப்புப் பயிற்சியை எதிர்ப்பவர்கள் ராபர்ட் ஹிக்சனின் 1980 ஆய்வைக் காட்டுவது வழக்கம். பத்து வாரம் வலுப்பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, ஏழு வாரத்துக்குப் பின் வலு வளர்ச்சி நின்று, இறுதியில் சரிந்தது. ஆனால் அங்கே அளக்கப்பட்டது கால் வலு. புல்-அப்ஸ் கைக்கும் முதுகுக்கும் உரியது. ஹிக்சனை அப்படியே கண்மாய்க் கரைக்குக் கொண்டுவருவது பிழை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தண்டால் எடுத்து மூச்சிரைக்க அடுத்த சுற்றைத் தொடங்குபவன் வினாடிக்கு 4.85 மீட்டர் வேகத்தை ஒருநாளும் தொடுவதில்லை. தொடாத வேகத்தைத் தேர்வு நாளில் உடம்பு எங்கிருந்து கொண்டுவரும்? புல்-அப்ஸும் அப்படித்தான், களைத்த கையால் அரைகுறையாக ஆறு எடுப்பதால், நெஞ்சு உயர்ந்து முழுதாக எடுக்கும் பத்து வராது. 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கனும் ஆடம்சனும் உருவாக்கிய சுற்றுப் பயிற்சியின் நோக்கம் பொதுவான உடல்தகுதி. அந்த நோக்கத்துக்கு இந்தக் கலவை நல்லதே. குறிப்பிட்ட வேகத்துக்கு அது போதாது. ஆளெடுப்பில் ஓட்டம் முடிந்த பிறகே புல்-அப்ஸ் என்பதால், வாரத்தில் ஒருநாள் அதே வரிசையில் செய்துபார்க்கலாம். மற்ற நாட்களில் இரண்டையும் பிரித்துவிடுவதே மேல்.

அளப்பதிலும் தடுமாற்றம் உண்டு. நம் முன்னோர் இளவட்டக்கல்லை வைத்திருந்தார்கள். தூக்கினான், தூக்கவில்லை, அவ்வளவுதான். இன்று தூரத்தை பைக் மீட்டரில் அளக்கிறார்கள். பாதை நூறு மீட்டர் குறைந்திருந்தால் இருபது வினாடிப் பிழை. 5 நிமிடம் 30 என்று நம்பியவன் உண்மையில் 5 நிமிடம் 50 வினாடிக்காரன். மண்ணும் சேர்ந்து ஏமாற்றும். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், மழையில் செருப்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தார்ச்சாலைதான். மூன்று தரையில் ஓடிய நேரங்களை ஒரே நோட்டில் எழுதி ஒப்பிடுவதில் பொருளில்லை. கிளையும் அப்படியே: பருத்த கிளையில் பிடி நழுவும், எண்ணிக்கை குறையும், குறைந்தது வலுவா பிடியா என்று தெரியாது.

ஆகவே வேண்டுவது மூன்று எண்கள்: ஓய்ந்த உடம்போடு ஓடிய 1.6 கிலோமீட்டரின் நேரம், ஓய்ந்த கையால் எடுத்த முழுப் புல்-அப்ஸ், ஓட்டம் முடிந்ததும் எடுத்த புல்-அப்ஸ். முதலிரண்டும் பின்வாங்காமல், பின்னிரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாதாமாதம் குறைந்தால் பயிற்சி பலிக்கிறது.

இதற்கு ஜிம் தேவையில்லை. ஊராட்சிகள் ஒன்று செய்யலாம்: கண்மாய்க் கரையில் நாடாவால் அளந்து நூறு மீட்டருக்கு ஒரு கல் நடட்டும், பக்கத்தில் ஓர் இரும்புக் குழாயும் நிறுத்தட்டும். போய்த் திரும்பினால் 1.6 கிலோமீட்டர் ஆகும் 800 மீட்டர் கரைக்கு, தொடக்கக் கல்லோடு சேர்த்து 9 கல் போதும்.