‘மெட்ராஸ் ஐ’: ஒரு பெயரும் அது தரும் படிப்பினையும்

கண் சிவந்து, உறுத்தி, நீர் வடியும் தொற்றைத் தமிழகம் ‘மெட்ராஸ் ஐ’ என வழங்குகிறது. பெயரைக் கேட்போர் அந்நோய் சென்னையில் பிறந்தது என்றே எண்ணுவர். அஃது உண்மையன்று. கருவிழியில் நுண்புள்ளிகளைத் தோற்றுவிக்கும் இத்தகைய நோயை வியன்னா மருத்துவர் ஃபுக்ஸ் 1889-இலேயே விவரித்துள்ளார். சென்னைக்கு உரிய பெருமை வேறு; அந்நோயைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்த பெருமையே அது.

1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் கண் மருத்துவமனை ஒன்றை நிறுவினர். உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றான அது, இன்று எழும்பூரில் அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. சென்னையில் கொள்ளைநோய் போலப் பரவிய கருவிழிப் புள்ளி நோயைப் பற்றி மருத்துவர் கிர்க்பாட்ரிக் 1920-இல் ஆங்கிலக் கண் மருத்துவ இதழில் எழுதினார். நோயின் அடையாளம் தெளிந்தது. காரணம் மட்டும் புலப்படவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் இந்நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளரைத் தாக்கியது. கண்ணில் விழுந்த துகளை அகற்றிக்கொள்ள அவர்கள் சென்ற மருந்தகங்களிலேயே, சரிவரத் தூய்மை செய்யப்படாத கைகளும் கருவிகளும் நோயைப் பரப்பின. 1955-இல் ஜாவெட்ஸ் குழுவினர், அடினோ வைரஸின் எட்டாம் வகையே இதற்குக் காரணம் எனக் கண்டனர்.

இவ்வறிவு சிகிச்சையையும் தெளிவாக்கிற்று. வைரஸ் தொற்றில் பெரும்பாலும் நீரே வடியும். காதின் முன்புறம் நெறி கட்டுவதும் உண்டு. பாக்டீரியாத் தொற்றில் கெட்டியான பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும். பின்னதற்கு நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து பயன்படும், முன்னதற்குப் பயன்படாது. குளிர் ஒத்தடமும் கண்ணீர் போன்ற சொட்டு மருந்தும் துன்பத்தைத் தணிக்க, நோய் இரண்டு மூன்று வாரங்களில் தானே நீங்கும். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டுகளை இடுவது பெருந்தவறு. ஹெர்ப்பிஸ் தொற்றாயின் கருவிழியே பழுதுபடும். கடும் வலியோ, பார்வை மங்கலோ, ஒளியைக் கண்டு கூசுதலோ தோன்றின் உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

நோயுற்றவரைப் பார்த்தாலே தொற்றும் என்பது வெறும் நம்பிக்கை. கையும், துண்டும், தலையணை உறையுமே அதைக் கொண்டுசெல்கின்றன. விழாக் காலத்தில் உறவினர் ஒருங்கு கூடும் இல்லங்களில் தனித் துண்டும் கை கழுவும் பழக்கமும் இருந்தால், ஒருவர் கண்ணில் தோன்றிய நோய் அவரோடு நிற்கும்.